அறுவை பாதி, அப்பியாசம் பாதி

சென்ற தை மாதத்தில், தலைநகரில் உத்தியோகம் பார்க்கும் நம் அன்பர் ஒருவரின் இல்லத்திற்கு நாம் சென்றிருந்தோம். தஞ்சை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து அவருடைய தாயார் வந்து தங்கியிருந்தார்கள். பல ஆண்டுகளாக முழங்கால் தேய்ந்து, கோயிற் பிரகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றவும் இயலாமல் வருந்தியவர்கள் அவர்கள். மகன் வற்புறுத்தி இங்கே வரவழைத்து, வலது முழங்காலில் மாற்று மூட்டு வைக்கும் அறுவைச் சிகிச்சையைச் செய்வித்திருந்தார். சிகிச்சை நன்கு நடந்தேறியது, தையல் பிரித்தாயிற்று, புண்ணும் ஆறிவிட்டது. அதன் பின் வீட்டில் அந்த அம்மையாருக்கு நடந்த உபசாரத்தைச் சொல்லி முடியாது. படுக்கைக்கே காப்பி வரும். படுக்கைக்கே சாப்பாடு வரும். முழங்காலுக்குக் கீழே மெத்தென்று இரண்டு தலையணைகள். சற்று எழ முயன்றால், "அம்மா, நீங்கள் அசையவே கூடாது. என்ன வேண்டுமோ சொல்லுங்கள்" என்று மகனும் மருமகளும் ஓடி வருவார்கள்.

நாம் சென்ற நாளுக்கு முதல் நாள், மூன்றாம் வாரப் பரிசோதனைக்கு அம்மையாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தனர். முழங்கால் முழுதும் நீளவுமில்லை. அறுபது பாகைக்கு மேல் மடங்கவுமில்லை. மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "அப்பியாசம் யார் செய்விக்கிறீர்கள்?" மகன் மருமகளைப் பார்த்தார், மருமகள் மாமியாரைப் பார்த்தாள். "வலிக்கிறது என்று அழுதார்கள், பார்க்கப் பொறுக்காமல் விட்டுவிட்டோம்" என்று மகன் மெல்லச் சொன்னார். அதற்கு மருத்துவர், "மூட்டை நான் மாற்றிவிட்டேன். நாள்தோறும் வந்து அதை மடக்க என்னால் முடியாது. இன்னும் சில வாரங்களில் மடங்காவிட்டால், மயக்க மருந்து கொடுத்துத்தான் மடக்க வேண்டிவரும்" என்றாராம்.

இதைக் கேட்டு நாம் திரும்பி வரும்போது, இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று என்று தோன்றியது. பெற்றோரை ஊரிலிருந்து வரவழைத்து இங்கே சிகிச்சை செய்விக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. செலவுக்கு அஞ்சுவதில்லை, விடுப்பெடுக்கத் தயங்குவதில்லை. ஆயினும் அறுவைச் சிகிச்சை முடிந்த அன்றே எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அன்றுதான் இரண்டாம் பாதி தொடங்குகிறது. அந்தப் பாதி நடப்பது மருத்துவமனையில் அன்று, நம் வீட்டுக் கூடத்தில். ஆதலின் அதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசுவோம்.

கத்தி செய்வதும் செய்யாததும்

மூட்டு மாற்றுச் சிகிச்சையில் நடப்பது என்ன? தொடை எலும்பின் கீழ் முனையும், கணைக்கால் எலும்பின் மேல் முனையும் தேய்ந்த இடங்களைச் சீவியெடுத்து, உலோகக் கவசம் பொருத்துகிறார்கள். இரண்டிற்கும் நடுவே, தேய்ந்துபோன குருத்தெலும்புக்குப் பதிலாகப் பாலிதீன் வகையைச் சேர்ந்த உறுதியான தகடு ஒன்றை வைக்கிறார்கள். இடுப்பு மூட்டில் இம்முறையை இங்கிலாந்தின் டாக்டர் ஜான் சார்ன்லி 1962இல் செம்மைப்படுத்தினார். நியூயார்க்கில் டாக்டர் ஜான் இன்சால் முதலியோர் 1974இல் வகுத்த வடிவமே இன்றைய முழங்கால் மூட்டுகளுக்கு மூலமாக அமைந்தது.

எலும்பின் தேய்வைக் கத்தி சரிசெய்துவிடும். ஆனால் அந்த எலும்பை அசைப்பது தசையன்றோ? முழங்கால் வலியால் பல ஆண்டுகள் நொண்டி நடந்தவருக்குத் தொடையின் முன்புறத் தசை முன்னரே மெலிந்திருக்கும். அறுவையால் வரும் வலியும் வீக்கமும் அத்தசையை மேலும் உறங்கச் செய்துவிடுகின்றன. சிகிச்சை நடந்து ஒரு மாதத்தில் அத்தசையின் வலிமை முன்னிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. அன்றியும், புண் ஆறும்போது மூட்டைச் சுற்றி உட்புறத்தில் வடுத் திசு உருவாகிறது. கால் அசைந்துகொண்டிருந்தால் அது இழுபட்டு நெகிழ்வாக அமையும். கால் அசையாது கிடந்தால், கிடந்த நிலையிலேயே இறுகிவிடும். முதல் ஆறு வாரங்கள் பொன்போன்றவை என்று மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இதுவே.

படுக்கை என்னும் பழைய மருந்து

நம் வீட்டார் செய்த தவற்றை முன்னாளில் மருத்துவ உலகமே செய்துவந்தது. அறுவை நடந்தவர் வாரக் கணக்கில் அசையாது படுத்திருக்க வேண்டும் என்பதே அக்கால விதி. சிக்காகோவில் எமில் ரீஸ் என்னும் மருத்துவர், தம்மிடம் அறுவை செய்துகொண்ட பெண்களை விரைவிலேயே எழுப்பி நடக்கச் செய்து, அதனால் கெடுதியின்றி நன்மையே விளைந்ததை 1899இல் எழுதினார். அவர் சொல்லைப் பலர் ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்கள் வந்து குவிந்து, படுக்கைகள் போதாமற் போனபோதுதான் நோயாளிகளை விரைவில் எழுப்பும் வழக்கம் பரவியது. விரைவில் எழுந்தவர்கள் விரைவில் தேறியதை எல்லோரும் கண்டனர்.

படுத்தே கிடப்பதால் வரும் தீங்கு என்ன? கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலில் உள்ள இரத்தம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. அத்தசை ஓய்ந்தால் இரத்தம் தேங்கி உறையும். உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்று அடைத்தால் உயிருக்கே ஆபத்து. நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தங்கி, நிமோனியா காண்பதும் உண்டு. இவற்றோடு மலச்சிக்கல், படுக்கைப் புண், மனச்சோர்வு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். ஆகவேதான் இந்நாளில் முழங்கால் மாற்றியவரை அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி நிறுத்தி, சில அடிகள் நடக்கச் செய்கிறார்கள்.

இவ்வாறு அசைவையே மருந்தாகக் கொடுக்கும் துறையைத்தான் பிஸியோதெரபி என்கிறார்கள்; தமிழில் இயன்முறை மருத்துவம் என்று வழங்குகிறோம். இலண்டனில் நான்கு செவிலியர் கூடி 1894இல் நிறுவிய சங்கமே இத்துறைக்கு ஒரு தொழில் ஒழுங்கைத் தந்தது. நம் நாட்டில் 1952இல் பம்பாயில் இளம்பிள்ளைவாதம் பரவிக் குழந்தைகள் பலர் கால் சூம்பித் துன்புற்றனர். அதன் விளைவாக 1953இல் அந்நகரத்துக் கே.இ.எம். மருத்துவமனையில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, இத்துறைக்கான முதல் பயிற்சிப் பள்ளி தோன்றியது.

தமிழகத்திலும் இதற்கு ஓர் உயர்ந்த வரலாறு உண்டு. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1948 முதல் தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவையால் சீர்ப்படுத்தி வந்தார். ஒரு வேலையைச் செய்துவந்த தசைநாணை எடுத்து வேறிடத்தில் தைத்து, வேறு வேலைக்கு அமர்த்துவது அவர் முறை. ஆனால் அத்தசைக்கு அதன் புது வேலையைக் கற்பிக்கக் கத்தியால் இயலாது. பொறுமையான பயிற்சியால்தான் இயலும். பயிற்சி இல்லையேல் அவ்வளவு நுட்பமான அறுவையும் வீணே. அவரிடம் பணி கற்ற டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு காயமுற்று இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே பிறருடைய கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் புனர்வாழ்வுப் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1966இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் அவருடைய முயற்சியால் திறக்கப்பெற்றது. 1972இல் பத்மஸ்ரீ விருதும் அவரை நாடி வந்தது. "அசையாதே" என்று சொல்வதே அன்பு என நினைக்கும் நம்மவர்க்கு, அவருடைய வாழ்க்கையைவிடச் சிறந்த பாடம் வேறு வேண்டுமோ?

வீட்டில் செய்யும் அப்பியாசங்கள்

முழங்கால் மாற்றியவருக்குப் பொதுவாகக் கற்பிக்கப்படும் அப்பியாசங்களை இங்கே கூறுகிறோம். அவரவர் மருத்துவரும் இயன்முறை நிபுணரும் சொல்லும் அளவே அவரவர்க்கு உரியது என்பதை முதலிலேயே நினைவூட்டுகிறோம்.

முதலாவது, கணுக்கால் அசைவு. படுத்தவாறே இரு பாதங்களையும் முகத்தை நோக்கி இழுத்து, பிறகு கீழ்நோக்கி நீட்ட வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு தடவை, பத்துப் பத்து முறை செய்யலாம். சிறு பிள்ளையின் விளையாட்டைப் போலத் தோன்றினாலும், இரத்தம் உறையாமல் காப்பதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

இரண்டாவது, தொடையை இறுக்குதல். காலை நேராக நீட்டிக்கொண்டு, முழங்காலின் பின்புறத்தால் படுக்கையை அழுத்த வேண்டும். தொடைத் தசை இறுகும். ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கலாகாது, வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானே வந்துபோகும்.

மூன்றாவது, காலை நீட்டும் பயிற்சி. ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தால், முழங்கால் அந்தரத்தில் நின்று தன் பாரத்தாலேயே மெல்லக் கீழிறங்கி நீளும். ஐந்து முதல் பத்து நிமிடங்கள் இப்படி இருக்கலாம். துண்டு இருக்க வேண்டிய இடம் குதிகால், முழங்கால் அன்று. முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் வளைந்த கால் வளைந்தே இறுகிப்போகும். அன்பரின் வீட்டில் இருந்த அந்த இரண்டு தலையணைகள் செய்த வினை இதுவே.

நான்காவது, மடக்கும் பயிற்சி. படுத்தவாறு குதிகாலைப் படுக்கையிலேயே தேய்த்துக்கொண்டு இடுப்பை நோக்கி இழுக்க வேண்டும். முதலில் இயலாவிட்டால், பாதத்தைச் சுற்றி ஒரு துண்டைப் போட்டு இரு முனைகளையும் கையால் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். பிறகு நாற்காலியில் அமர்ந்து, பாதத்தைத் தரையோடு பின்னுக்குத் தள்ளலாம். நல்ல காலை மற்றக் காலின் முன்னே குறுக்காக வைத்துச் சற்று அழுத்தினால் இன்னும் கொஞ்சம் மடங்கும்.

ஐந்தாவது, நேராக உயர்த்துதல். நல்ல காலை மடக்கி ஊன்றிக்கொண்டு, சிகிச்சை செய்த காலை வளையாமல் ஒரு சாண் உயரம் தூக்கி, ஐந்து எண்ணி, மெல்ல இறக்க வேண்டும். பொத்தென்று போடலாகாது. தசைக்கு வேலை ஏற்றத்தில் மட்டுமன்று, இறக்கத்திலும் உண்டு.

கணுக்கால் அசைவு நீங்கலாக மற்ற ஒவ்வொன்றையும் பத்து முறையாக, நாளைக்கு மூன்று நான்கு வேளை செய்வது வழக்கம். காலை காப்பிக்கு முன், நண்பகலில், மாலை விளக்கேற்றும் நேரத்தில், உறங்குமுன் என்று வேளை குறித்துக்கொண்டால் தவறாது. மருத்துவர் கொடுத்த வலிமாத்திரையை அரைமணி முன்னதாக உட்கொண்டு, பயிற்சி முடிந்தபின் துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து இருபது நிமிடங்கள் வைத்தால் வலியும் வீக்கமும் அடங்கும்.

எவ்வளவு மடங்க வேண்டும்? நாற்காலியில் அமர்ந்து, பாதம் முழங்காலுக்கு நேர் கீழே தரையில் பதிந்தால் அது தொண்ணூறு பாகை. இரண்டு வாரத்திற்குள் இதை எட்டுவது நல்ல அறிகுறி. காலை முழுதும் நீட்டுவதும் அதே அளவு முக்கியமானது. சமதரையில் நடக்க ஏறக்குறைய 65 பாகை போதும். படி ஏறி இறங்க 90 முதல் 100 பாகை வேண்டும். சாதாரண நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ 105 பாகை வரை வேண்டியிருக்கும். மூன்று மாதங்களில் 110, 120 பாகை வரை மடக்குவோர் பலர். அறுபது பாகையோடு நின்றுவிட்டால், மூன்றாம் மாடி வீட்டில் இருப்பவர் தெருவையே காண முடியாது.

வலியும் வீட்டாரும்

இங்கேதான் உண்மையான சங்கடம். "இன்னிக்கு ஒரு நாள் விட்டுடும்மா, நாளைக்குப் பண்றேன்" என்று மாமியார் கண்கலங்கிச் சொல்லும்போது, "இல்லை அத்தை, இப்பவே பண்ணணும்" என்று எந்த மருமகள் சொல்வாள்? சொன்னால் இரக்கமற்றவள் என்ற பெயர் வருமே என்ற அச்சம் வேறு. அதனால் இந்தக் கடமையை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தலாகாது. காலை வேளை மகன், நண்பகல் மருமகள், மாலை பேரப்பிள்ளைகள் என்று பங்கிட்டுக்கொள்வது நன்று. பேத்தி ஒன்று, இரண்டு என்று எண்ணினால் பாட்டி பத்து வரையில் நிறுத்தமாட்டாள்.

எந்த வலி நல்லது, எந்த வலி கெட்டது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். மடக்கும்போது இழுப்பும் கடுப்பும் இருந்து, பயிற்சி முடிந்து சிறிது நேரத்தில் அடங்கினால் அது வேலை நடப்பதன் அடையாளம். இரவெல்லாம் நீடித்து, மறுநாள் வீக்கமும் கூடியிருந்தால் அளவு மிஞ்சிவிட்டது. அப்போது அளவைக் குறைக்க வேண்டுமேயன்றி அறவே விடக் கூடாது. நோயாளியின் காலை வீட்டார் தாமே பிடித்து வலிந்து மடக்குவதும் தவறு.

பத்தியம் என்ற பெயரால் நாம் செய்யும் பிழை இன்னொன்று. பருப்பும் தயிரும் புண்ணில் சீழ் வைக்கும் என்று அவற்றை விலக்கி, மிளகு ரசமும் சாதமுமாகவே மாதக்கணக்கில் ஊட்டுகிறோம். தசை வளரவும் புண் ஆறவும் புரதம் வேண்டும். மருத்துவர் குறிப்பாக விலக்கினாலன்றிப் பருப்பு, தயிர், பால், பயறு, உண்பவராயின் முட்டை, மீன் எல்லாம் கொடுக்க வேண்டும். சர்க்கரை நோயுள்ளவர்க்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிடில் புண் ஆறுவது தாமதமாகும். அன்போடு தைலம் காய்ச்சித் தேய்க்கும் வழக்கமும் உண்டு. புண்ணின் மேல் எண்ணெய் படலாகாது. வீங்கி வலிக்கும் கெண்டைக்காலை ஒருபோதும் பிசைந்துவிடலாகாது. உள்ளே இரத்தக் கட்டி இருந்தால் அது பெயர்ந்துவிடக்கூடும்.

மாடி வீடும் மணைப் பலகையும்

நடைக்கு முதலில் வாக்கர் துணை. வாக்கரை முன்னே வைத்து, பிறகு சிகிச்சை செய்த காலை வைத்து, அதன்பின் நல்ல காலை வைக்க வேண்டும். சில வாரங்களில் கைத்தடிக்கு மாறும்போது, வலக்கால் சிகிச்சை பெற்றதாயின் தடி இடக்கையில் இருக்க வேண்டும். பலரும் இதை மாற்றியே பிடிக்கிறார்கள். படிக்கு ஒரே விதிதான்: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது சிகிச்சைக் கால் முன்னே. தூக்கித் தாங்கும் வேலை எப்போதும் நல்ல காலுக்கே என்று நினைவு கொண்டால் குழப்பமில்லை.

வீட்டையும் சற்று மாற்றியமைக்க வேண்டும். நடைபாதையில் கிடக்கும் மிதியடிகளையும் மின்கம்பிகளையும் அகற்றுக. வட இந்தியக் குளிரில் வெறுங்காலுறையோடு வழவழப்பான தரையில் நடப்பது விழுவதற்கு வழி. பிடிப்புள்ள செருப்பு வேண்டும். குளிர்காலையில் மூட்டு விறைத்திருக்கும். வெயில் ஏறியபின் மாடி முற்றத்தில் பயிற்சி செய்தால் உடலும் உள்ளமும் ஒருங்கே இளகும். கழிவறைக்குக் கமோடு இன்றியமையாதது. பிடித்து எழச் சுவரில் ஒரு கைப்பிடியும் வேண்டும். குந்தி உட்காருவதையும், சம்மணமிட்டு மணையில் அமர்வதையும் மருத்துவர்கள் பெரும்பாலும் விலக்குகிறார்கள். கோலம் போடவும் பூசை செய்யவும் தரையிலே அமர்ந்து பழகிய நம் தாய்மார்க்கு இது பெருங்குறையாகத் தோன்றும். பூசைப் படங்களை ஒரு மேசைமேல் உயர்த்தி வைத்து, எதிரே நாற்காலி இட்டுத் தந்தால் அந்தக் குறையும் தீரும். உயரே வைத்ததால் தெய்வம் கோபிக்காது.

மொழி என்னும் இடர்

நம் குடும்பங்களுக்கே உரிய இடர் ஒன்று உண்டு. வீட்டிற்கு வரும் இயன்முறை நிபுணர் இந்தி பேசுவார். ஊரிலிருந்து வந்த தாய்க்குத் தமிழன்றி வேறு தெரியாது. அவர் "குட்னா மோடியே" என்பார். இவர் காலைத் தூக்குவார். அவர் குரலை உயர்த்துவார். இவர் அஞ்சி உடம்பை விறைப்பார். விறைத்த தசை மடங்காது. நிபுணர் வரும் அந்த அரைமணி நேரம் இருமொழியும் அறிந்த ஒருவர் உடனிருப்பது பெரிய உதவி.

முடியாத நாட்களுக்காகச் சில சொற்களைப் பெரியவர்களுக்கு முன்னதாகவே சொல்லிவைக்கலாம். மோடியே என்றால் மடக்குங்கள். சீதா கீஜியே என்றால் நேராக்குங்கள். உட்டாயியே என்றால் உயர்த்துங்கள். டீலா சோடியே என்றால் தளர விடுங்கள். நிபுணர் அறிய வேண்டிய சொற்களும் உள. நம் தமிழில் குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு என்று வலிக்குப் பல பெயர்கள். இவையெல்லாம் இந்தியில் 'தர்த்' என்னும் ஒரே சொல்லாய்ப் போய்விட்டால் நிபுணருக்கு என்ன விளங்கும்? எரிச்சலை ஜலன் என்றும், வீக்கத்தை ஸூஜன் என்றும், மரத்துப்போனதை ஸுன்ன் என்றும், இழுப்பைக் கிஞ்சாவ் என்றும் பிரித்துச் சொன்னால் பயிற்சியின் அளவை அவர் சரியாக வகுப்பார். வருபவர் முறையாகப் பட்டம் பெற்றவரா என்பதையும் கேட்டறிவது நம் உரிமை. இத்துறையினரின் கல்வியையும் பதிவையும் ஒழுங்குபடுத்த 2021இல் பாராளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியுள்ளது.

தாமதிக்கலாகாத அறிகுறிகள்

சில அறிகுறிகள் கண்டால் அப்பியாசத்தை நிறுத்தி உடனே மருத்துவரை நாட வேண்டும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, தொட்டால் வலித்துச் சூடாக இருத்தல். திடீரென்று மூச்சுத்திணறலோ மார்வலியோ காணுதல். காய்ச்சல், புண் சிவந்து நீரோ சீழோ கசிதல். விழுந்துவிட்டபின் கால் ஊன்ற முடியாமை. இவற்றில் மூச்சுத்திணறலும் மார்வலியும் ஒரு நிமிடமும் பொறுக்கத் தக்கவையல்ல. ஊருக்குத் திரும்பும் நெடும் இரயில் பயணத்தையும் மருத்துவரைக் கேட்டே குறிக்க வேண்டும். கீழ்ப் படுக்கை கிடைக்கச் செய்து, வழியெல்லாம் கணுக்காலை அசைத்துக்கொண்டும் இடையிடையே எழுந்து நின்றுகொண்டும் செல்ல வேண்டும்.

முழங்காலுக்குச் சொன்ன இந்த நெறி மற்ற அறுவைகளுக்கும் பொருந்தும். வயிற்றில் அறுவை நடந்தவர் இருமினால் தையல் பிரிந்துவிடுமோ என்று அஞ்சிச் சளியை அடக்கிக்கொள்கிறார். ஒரு தலையணையைத் தையலின் மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஆழ மூச்சிழுத்து இருமினால் வலி குறையும், நுரையீரலும் காக்கப்படும். மார்பகத்தில் அறுவை செய்துகொண்ட பெண்மணிகள் தோளை அசைக்காதிருந்தால் தோள் இறுகித் தலைவாரவும் கை எழாது. அவரவர்க்கு உரிய அப்பியாசத்தை, மருத்துவமனையை விட்டு வெளிவரும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுதல் நலம்.

இனி, நாம் தொடங்கிய இடத்திற்கே வருவோம். அன்பரின் இல்லத்தில் அன்று மாலையே அந்தத் தலையணைகள் இரண்டும் அலமாரிக்குப் போயின. அடுக்களைச் சுவரில் ஒரு நாட்காட்டி மாட்டப்பட்டது. ஒவ்வொரு வேளைக்கும் பேத்தி ஒரு கோடு இழுத்தாள். முதல் வாரம் அழுகை, இரண்டாம் வாரம் கோபம், மூன்றாம் வாரம் "இன்னும் எத்தனைடி?" என்ற கேள்வி. மாசி பாதியில் தொண்ணூறு பாகை வந்தது. மயக்க மருந்து கொடுத்து மடக்கும் தேவை ஏற்படவில்லை. பங்குனி உத்திரத்தன்று, நம் தில்லி மலை மந்திர்ப் படிகளில் ஓர் அம்மையார் ஒரு கையால் கைப்பிடியையும், மறு கையில் தடியையும் பற்றிக்கொண்டு, நல்ல கால் முன்னே, மற்றக் கால் பின்னே என்று நிதானமாக ஏறிவரக் கண்டோம். மகன் தாங்க வந்தபோது, "நீ தள்ளிப் போப்பா, நானே வரேன்" என்றார்கள். மகனும் தள்ளி நின்றார்.

மூன்று மாதங்களுக்கு முன் அவர் அவ்வாறு தள்ளி நின்றிருக்கமாட்டார். அன்பர்களே, நம் பெற்றோர்க்கு நாம் செய்விக்கும் சிகிச்சையின் பயன், அவர்கள் நம் துணையின்றித் தம் காலில் நடப்பதேயன்றோ? அதற்கு வேண்டுவது நாளைக்கு நான்கு வேளை, வேளைக்கு ஒரு கால்மணி நேரம், அருகிலிருந்து எண்ணுவதற்கு ஒரு குரல். அந்தக் குரலை ஒவ்வோர் இல்லமும் தாராளமாகக் கொடுக்குமாறு வேண்டுகிறோம்.